அமாவாசை மடி

எங்க ஊர்ல முதல்ல போனது ஒட்டகம் கபரியேலு. ஆறடிக்கு மேல இன்னும் நாலு விரல் உயரம் இருப்பான், கோயில் வாசல்லயே குனிஞ்சுதான் நுழைவான், அதனால சின்ன வயசுலயே அந்தப் பட்டப்பேரு ஒட்டிகிட்டுது. ஒரு அமாவாசை நாள், உச்சி வெயிலு, பெண்டாட்டி வச்ச புளிக்குழம்புல சோத்தைப் பிசைஞ்சுகிட்டு இருந்தவன் கையைக்கூடக் கழுவாம எழும்புனான். எழும்புனான்னு சொல்லுதேன், எழுப்புனது யாருன்னு அன்னைக்கு யாருக்கும் தெரியாது. உடம்பு பின்னால சாஞ்சு, குதிகால் ரெண்டும் மணல்ல ஊணி, ரெண்டு கோடு நீளமா கிழிச்சுகிட்டே கடலைப் பார்த்து இழுபட்டுப் போனான். ஓடிப் போய் இடுப்பைப் பிடிச்சாவ, கையைப் பிடிச்சாவ, மரத்துல கயிறு கட்டிப் பார்த்தாவ. "விடுங்க வே, வலிக்கு"ன்னு மட்டும்தான் அவன் சொன்னான். கடல் அவனை வாங்கிகிட்டு மூடிகிட்டுது, அவன் பெண்டாட்டி அந்தத் தட்டை எடுத்துக் கழுவி வச்சா.

அவன் எழும்புறதுக்குக் கொஞ்சம் முன்ன ஊர் முழுக்க ஒண்ணு நடந்துச்சு. எல்லா வீட்டு வாசல்லயும் மணல் ஈரமாச்சு, யாரோ வாளித் தண்ணியைக் கவுத்துன மாதிரி. பொறவு எல்லார் முகத்துலயும் நூல் உரசுச்சு. இருட்டு மூலையில சிலந்தி வலைக்குள்ள தெரியாம முகத்தைக் குடுத்தா எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சு. நான் அப்ப மீன் அறுத்துகிட்டு இருந்தேன், புறங்கையால தடவி விட்டுட்டு அடுத்த மீனை எடுத்தேன். எங்களை எல்லாம் வடிச்சு விட்டுட்டு கபரியேலை மட்டும் அது வச்சுகிட்டுதுன்னு சாயங்காலம்தான் பேசி முடிவு பண்ணுனோம்.

யாரும் ரொம்ப ஆச்சரியப்படல. நாங்க சிலுவைத்தாழைக்காரங்க, கரைமடி இழுத்துப் பிழைக்கிற ஊரு. மடின்னா என்னன்னு எங்களுக்கு ஒருத்தர் சொல்லித் தர வேண்டாம். வள்ளத்துல போய் கடல்ல அரை வட்டமா வலையை இறக்கி, ரெண்டு பக்கத்துக் கயிறையும் கரைக்குக் கொண்டுவந்து, ரெண்டு வரிசையா நின்னு, பின்னால சாஞ்சு சாஞ்சு இழுப்போம். வலைக் கண்ணுக்குள்ள அடங்குற பொடிசு நழுவிப் போயிரும், அடங்காத பெருசு பையில கிடக்கும். அதையே இப்ப நமக்கும் ஒருத்தன் போடுதான்னு பேசிகிட்டாவ. அடுத்த நாள் காலையில வழக்கம்போலக் கடலுக்குப் போனாவ.

அடுத்த அமாவாசைக்கு அண்ணன் தம்பி ரெண்டு பேர் ஒண்ணாப் போனானுவ. அதுக்கு அடுத்த அமாவாசைக்கு என் வீட்டுக்காரரு லெயோன் போனாரு.

அவருக்கு முன்னமே தெரியும். கபரியேலும் அந்த ரெண்டு பேரும் போன பொறவு ஊர்ல உயரமானவரு அவருதான். அன்னைக்குக் காலையிலேயே குளிச்சு, வெள்ளை வேட்டி கட்டி, நடுவீட்டுல உக்காந்துகிட்டாரு. வாசல் ஈரமானதும் நான் அவரு இடுப்பைக் கட்டிப் பிடிச்சேன். நான் குட்டை, நூலு என் உடம்பு வழியா வெண்ணெய்ல கத்தி போற மாதிரி நழுவிப் போச்சு, எனக்கு ஒரு வலியும் இல்ல. அவரு மேல அது இறுகிச்சு. கன்னத்துல, தோள்ல, நெஞ்சுல எல்லாம் கட்டங்கட்டமா பதிஞ்சுது. "இஞ்ஞாசி, பிள்ளையைப் பார்த்துக்க, அதுக்கும் என் வளத்தி வரும்"னு சொன்னாரு. அதைத்தான் சொன்னாரு, அதுக்குள்ள அவரு குதிகாலு வாசல் மணல்ல கோடு போட ஆரம்பிச்சுது.

எங்க பிள்ளை பேரு ஜெனோவா. வாலிபால் ஆடுற பிள்ளை. கட்டிவச்ச நெட்டுக்கு மேல பாதி உடம்பு தெரிய எழும்பி அவ ஒரு அடி அடிச்சா, எதிர்ப்பக்கம் நிக்கிறவ பந்தைப் பார்க்காம ஒதுங்கிப் போவா. பக்கத்து ஊர்ல எல்லாம் கூப்பிட்டுக் கூட்டிட்டுப் போவாவ. அப்ப அவளுக்குப் பத்தொம்பது முடிஞ்சிருந்துச்சு, ஆனாலும் வளர்றதை நிறுத்தல, பாவாடை ஒவ்வொண்ணும் வருசத்துக்கு வருசம் கணுக்காலுக்கு மேல ஏறிகிட்டே போச்சு. அவ அப்பா போன அன்னைக்கு நான் முதல்ல செஞ்ச காரியம் அவ பந்தை எடுத்து பரண்ல போட்டதுதான்.

ஊரு அதுக்குத் தக்கன மாறிகிட்டுது. அதைச் சொன்னா உங்களுக்குச் சிரிப்பு வரும். வாசல் நிலையை எல்லாம் இறக்கிக் கட்டுனாவ, உயரமானவங்களுக்குக் குனியிற பழக்கம் வரட்டும்னு. குதிகால் வச்ச செருப்பு போட்டா ஊர்க்கமிட்டி கேள்வி கேட்டுச்சு. கோயில் வாசல்ல ஒரு மூங்கில் நட்டு, கடைசியாப் போனவங்க உயரத்துக்குச் சிவப்புச் சாயத்துல கோடு போட்டாவ. பூசைக்கு வர்றவங்க எல்லாம் முதல்ல அந்தக் கோட்டுக்குக் கீழ நின்னு பார்த்துட்டுத்தான் சாமியைக் கும்பிட்டாவ. அதுவரைக்கும் குள்ளன் குள்ளன்னு கேலி பேச்சு வாங்குனவன் எல்லாம் நெஞ்சை நிமித்திகிட்டு நடந்தான். பவுலீஸ்னு ஒருத்தரு, என் தோள் உயரம்கூட வரமாட்டாரு, அவரைத்தான் கமிட்டித் தலைவராப் போட்டாவ. பொண்ணு பார்க்க வந்தவங்க நகையைக் கேக்கிறதுக்கு முன்ன பொண்ணை நிமிந்து நிக்கச் சொன்னாவ. கபரியேலோட ஒண்ணு விட்ட தம்பி ஒருத்தன், அவனும் வளத்தி, மதுரையில அக்கா வீட்டுக்குப் போய் ஒளிஞ்சுகிட்டான். அமாவாசை அன்னைக்கு விடியக்காலம் அவனே பஸ் ஏறி வந்து இறங்குனான். ஏன்ல வந்தேன்னு கேட்டதுக்கு, "காலு தானா வந்திட்டு அத்தை, நான் என்ன செய்ய"ன்னான். மத்தியானம் அவனும் போயிட்டான்.

தாய்மாருங்க பிள்ளைங்களுக்குச் சோத்தைக் குறைச்சாவ. நானும் குறைச்சேன். ஜெனோவா அரை வயித்தோட எழும்பிப் போவா. அடுக்களையில நின்னு என் மார்ல நானே அடிச்சுக்குவேன். அதெல்லாம்கூடப் பரவாயில்ல. ஊர்ல சின்னப் பிள்ளைங்க வளர்றதை நிறுத்திடுச்சு. சோறு குறைச்ச பிள்ளை மட்டும் இல்ல, வயிறு நிறையத் தின்ன பிள்ளையும் நின்னுட்டு. ஒண்ணாப்புல தைச்ச சட்டையைப் போட்டுகிட்டு அஞ்சாப்புக்குப் போச்சுங்க. ஒரு தாயும் அதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகல, நல்லதாப் போச்சுன்னு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துனாவ.

இந்த மாதிரி ஒண்ணை நான் அதுக்கு முன்னமே பார்த்திருக்கேன். மீன் அறுக்கிறவளுக்கு மீனோட வயிறு தெரியும்ல. நான் கல்யாணம் ஆகி வந்த புதுசுல எங்க மடிக் கண்ணுல கை நுழையும். பையில சீலா கிடக்கும், ஆளு கை நீளத்துக்குப் பாறை மீனு கிடக்கும், சுறாக்குட்டி துள்ளும். அதுக குறைஞ்சதும் மூணு விரல் கண்ணு போட்டாவ, வாளை வந்துச்சு. வாளை குறைஞ்சதும் ஒரு விரல் கண்ணு, சாளையும் நெத்திலியும் வந்துச்சு. அதும் குறைஞ்சதும் பையோட அடியில கொசுவலைத் துணியையே வச்சுத் தைச்சாவ, பொறந்து கண்ணு முழிக்காத குஞ்சுகூட நழுவல. அப்பதான் சொறி வர ஆரம்பிச்சுது. சொறின்னா கண்ணாடிப் பை மாதிரி மிதக்குமே, தொட்டா கை தீயா அரிக்குமே, அதுதான். சில நாள் மடி நிறைய அதுதான் வரும். முன்னயெல்லாம் விளமீன்ல சினை பார்க்கணும்னா முழ நீளமாவது இருக்கணும். இப்ப என் உள்ளங்கையில அடங்குறதைக் கீறுனா வயிறு முட்ட சினை. நம்மளை வளர விடமாட்டானுவன்னு அந்த வாயில்லாத சீவனுக்குத் தெரிஞ்சு போச்சு. ஒரு நாள் அப்படி ஒண்ணைக் கீறிகிட்டு இருக்கும்போது ஜெனோவா பக்கத்துல வந்து உக்காந்தா.

"அம்மா, நாம இங்க கண்ணைச் சின்னதாக்குனா அங்க அவனும் சின்னதாக்குதான். பார்த்தியா?"

"வாயை மூடு பிள்ள"ன்னேன். பயத்துல சொன்னேன்.

இந்த நேரத்துலதான் பவுலீஸு கூட்டத்துல எழும்பி ஒரு யோசனை சொன்னாரு. கடலுக்குப் பெருசு வேணும் போல, அதான் பெரிய ஆளாப் பார்த்து எடுக்கு, அதனால ஒவ்வொரு அமாவாசைக்கும் நம்ம கடல்ல கிடைக்கிறதுலயே பெரிய மீனை அறுக்காம முழுசா மாதா காலடியில நேர்ச்சையா வைப்போம், மாதா பேசித் தீர்த்து விடுவா. ஊரே கையைத் தட்டுச்சு. எங்க ஊர்ல பெரிய மீன் கிடைச்சா திருவிழாவுக்குக் கோயிலுக்குக் குடுக்கிறது எப்பவும் உள்ள வழக்கம், அதனால யாருக்கும் அதுல தப்பாத் தெரியல. பெரிய மீன் தப்பிப் போயிரக் கூடாதேன்னு மடியை இன்னும் தூரத்துல இறக்குனாவ, இன்னும் நெருக்கமா நெய்ஞ்சாவ, பாறைப் பொந்துக்குள்ள எல்லாம் முங்கிப் பார்த்தாவ. முதல் நேர்ச்சை இடுப்பு உயரம் இருந்துச்சு, ரெண்டு பேர் தூக்கிகிட்டு வந்தாவ. அடுத்தது ஒருத்தர் தோள்ல வந்துச்சு. பொறவு ஒரு கையில வந்துச்சு. ஒரு மாசம் மாதா காலடியில ஒத்தைச் சாளையை வச்சு, அதுக்குப் பூமாலை போட்டு, பாட்டுப் பாடுனாவ. சாமியாரு திரும்பி நின்னுகிட்டாரு, சிரிப்பை அடக்கவா அழுகையை அடக்கவான்னு தெரியல. மூங்கில்ல சிவப்புக் கோடு இறங்கிகிட்டே வந்துச்சு.

கோடு ஜெனோவா உச்சந்தலைக்கு வந்திட்டு.

அந்த மாச அமாவாசைக்கு நூலு அவ மேல ஒரு கணம் நின்னுது. முகத்துல இறுகி, தோள்ல இறுகி, அவ தலையைச் சாய்ச்சு உடம்பை ஒடுக்குனதும் வழுக்கி விட்டுட்டு அடுத்த தெருவுல வேற ஒருத்தனை இழுத்துகிட்டுப் போச்சு. அவ கன்னத்துல கட்டங்கட்டமா பதிஞ்ச தடம் ஒரு வாரம் இருந்துச்சு. நான் தேங்காய் எண்ணெய் தடவித் தடவிப் பார்த்தேன். அடுத்த அமாவாசைக்கு யாருன்னு ஊருக்கே தெரியும். தெருவுல நான் போனா பேச்சை நிறுத்துவாவ. சில பேரு வந்து அவளுக்குத் தின்னக் குடுத்துட்டுப் போனாவ, பணியாரம், முறுக்கு, சாகப் போறவளுக்குக் குடுக்கிற மாதிரி. அந்தப் பணியாரத்தை எல்லாம் அள்ளிக் கோழிக்குப் போட்டேன்.

என் தம்பி தொம்மை மட்டும் ஓயல. அவ அவனுக்கு உயிரு, தூக்கி வளத்தவன். "அக்கா, இந்தத் தடவை நான் வைக்கிற நேர்ச்சையில கடலே வாயடைச்சுப் போகும் பாரு"ன்னு சொல்லிட்டு, பெரிய வள்ளத்தை எடுத்துகிட்டு, ஊர்ல உள்ள கயிறை எல்லாம் சேர்த்து முடிஞ்சு, யாரும் போகாத தூரத்துல மடியை இறக்கிட்டு வந்தான். அமாவாசை அன்னைக்குக் காலையில இருந்து ஊரே கயிறைப் பிடிச்சுச்சு. சூரியன் உச்சிக்கு ஏறும்போது பை கரைக்கு வந்துச்சு.

உள்ள ஒரு கொடுவா. கொடுவான்னா நீங்க தட்டுல பார்த்திருப்பீங்க. இது கன்னுக்குட்டி கனத்துக்கு இருந்துச்சு. வாய் ஓரத்துல பழைய தூண்டில் முள்ளு மூணு துருப்பிடிச்சு ஒட்டிக் கிடந்துச்சு, செதில் ஒவ்வொண்ணும் வெத்தலை அகலம், வயிறு ரெண்டு பக்கமும் பிதுங்கிகிட்டு இருந்துச்சு. கடல்ல இப்படி ஒண்ணு மிச்சம் இருக்குன்னு எங்க யாருக்கும் தெரியாது. கிழவன்மாருங்க மணல்ல முழங்கால் போட்டாவ. பவுலீஸு "மாதாவே, மாதாவே"ன்னு கத்துனாரு. தொம்மை நீலக் கயிறை எடுத்து அது வால்ல ரெண்டு சுத்து சுத்தி முடிச்சுப் போட்டு, கோயில் பக்கமா இழுக்கச் சொன்னான்.

ஜெனோவா அது வயித்துல கையை வச்சுப் பார்த்தா.

"மாமா, விட்டுருங்க இதை."

"பைத்தியமாட்டி உனக்கு? உனக்காகத்தானே கொண்டு வந்தேன்."

"இது பொட்டை மாமா. கொடுவால சின்னதெல்லாம் கிடா, வளர்ந்து பெருசானாத்தான் பொட்டையாகும், அம்மா சொல்லிருக்கு. இதுக்குள்ள எவ்வளவு கிடக்கு பாருங்க. இதையும் எடுத்துட்டா பொறவு அங்க என்ன இருக்கு?"

அவ சொல்லி வாயை மூடல, என் காலுக்குக் கீழ மணல் ஈரமாச்சு. அலை வராத இடம். எல்லாரும் கன்னத்தைத் தடவிகிட்டாவ. பொறவு எல்லாரும் என் பிள்ளையைப் பார்த்தாவ.

அவ பின்னால சாஞ்சுட்டா. குதிகால் மணல்ல கோடு போட ஆரம்பிச்சுது. தொம்மை கயிறைப் போட்டுட்டுப் பாய்ஞ்சு அவ இடுப்பைப் பிடிச்சான், அவனையும் சேர்த்து அது இழுத்துச்சு. அவ முகத்துல கட்டம் விழுறதை நான் கண்ணால பார்த்தேன். "அம்மா"ன்னா. அவ அப்பா இடுப்பைக் கட்டிப் பிடிச்ச இந்தக் கையால ஒண்ணும் நடக்காதுன்னு எனக்குத் தெரியும்ல. நான் அவகிட்ட ஓடல. இடுப்புல செருகியிருந்த மீன் அறுக்கிற கத்தியை உருவிகிட்டு அந்தக் கொடுவாகிட்ட ஓடுனேன். பவுலீஸு என் முந்தானையைப் பிடிச்சு இழுத்தாரு, அது கிழிஞ்சு அவரு கையில போச்சு. கயிறை ஒரே வெட்டு. முடிச்சு வாலோட நின்னுட்டு. ஈர மணல்ல அந்த மீனை முதுகு குடுத்துத் தள்ளுனேன், தள்ளுனேன், இத்தனை வருசம் மீனைத் தின்னு வித்துப் பிழைச்ச உடம்பு மொத்தத்தையும் குடுத்துத் தள்ளுனேன். ஒரு அலை வந்து அதை எடுத்துகிட்டுது. நீலக் கயிறு ஒரு தடவை மேல தெரிஞ்சுது, பொறவு தெரியல.

திரும்பிப் பார்த்தா ஜெனோவா மல்லாக்க விழுந்து கிடக்கா, கணுக்காலளவு தண்ணியில, தொம்மை மேல. இழுத்த கயிறை யாரோ விட்டுட்ட மாதிரி. என் காலடியில மணல் காஞ்சிருந்துச்சு.

ஊரு என்னைக் கும்பிட்டிருக்கும்னு நினைப்பீங்க. மாதாவுக்கு நேர்ந்ததை அவுத்து விட்ட பாவின்னு ஒரு மாசம் என்கிட்ட யாரும் மீன் வாங்கல. அடுத்த அமாவாசைக்கு எல்லாரும் வாசல்ல உக்காந்து மணலைப் பார்த்துகிட்டே இருந்தாவ. மணல் காஞ்சே கிடந்துச்சு. அதுக்கு அடுத்ததும் அப்படித்தான். பொறவு பவுலீஸு கூட்டம் போட்டு, இத்தனை மாசம் வச்ச நேர்ச்சைக்கெல்லாம் சேர்த்து மாதா பலன் குடுத்துட்டான்னு பேசுனாரு, அதுக்கும் ஊரு கையைத் தட்டுச்சு. வாசல் நிலையை எல்லாம் திரும்பத் தூக்கிக் கட்டுனாவ. கொசுவலைத் துணியைப் பிரிச்சு வைக்கணும்னு தொம்மை மட்டும் சொன்னான். பார்ப்போம் பார்ப்போம்னு சொல்லி, கொஞ்ச நாள் மடிச்சு வச்சிருந்துட்டு, சொறிகூட வராத ஒரு வாரத்துல திரும்ப எடுத்துத் தைச்சுகிட்டாவ. கோயில் வாசல் மூங்கிலைப் பிடுங்கி ஜெனோவா வாலிபால் நெட்டுக் கட்டிகிட்டா. பரண்ல கிடந்த பந்தை நானே எடுத்துக் குடுத்தேன். அவ வயிறு நிறையத் தின்னா. இன்னும் வளர்ந்தா, சிறுக்கி, அவ அப்பாவையும் தாண்டிட்டா. சின்னப் பிள்ளைங்க மட்டும் வளரல, நின்ன இடத்துலயே நின்னுட்டு.

எனக்கு மட்டும் ஒரு வேலை கூடிச்சு. அந்த மீனு கடலுக்குள்ள இருக்கிற வரைக்கும்தான் என் பிள்ளை கரையில இருப்பா. இதை எனக்கு யாரும் வந்து சொல்லல, அந்தக் கயிறை வெட்டுன கைக்குத் தெரியும். எங்க ஊரு மடியில அது இனி விழாது, தொம்மை பார்த்துக்குவான். ஆனா கடலு எங்க ஊருக்கு மட்டுமா எழுதி வச்சிருக்கு? வடக்க விசைப்படகுத் துறைமுகம் இருக்கு. ராத்திரியானா அங்க இருந்து போற படகு வெளிச்சம் கடல்ல ஒரு டவுனு மாதிரி தெரியும். அதனால தினமும் முதல் பஸ்ஸுல கூடையைத் தூக்கிகிட்டு அங்க போயிருவேன். வாங்குறது ஒரு கூடை, பார்க்கிறது அங்க வந்து இறங்குற அத்தனை மீனையும். தலையைப் பார்க்கமாட்டேன், வாலைப் பார்ப்பேன். இந்தக் கிழவிக்கு வாலு கிறுக்குன்னு சுமை தூக்குறவங்க கேலி பண்ணுவாங்க. கண்டா என்ன செய்வேன்னு மட்டும் கேட்டுறாதீங்க.

இன்னைக்கு அமாவாசை. மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் இல்ல, பொடிமீனும் நண்டும்தான். கிளம்பலாம்னு கூடையை எடுக்கும்போது கடைசிப் படகுல ஒரு சத்தம், ஆளு ஆளா ஓடுதானுவ, செல்போனைத் தூக்கிப் பிடிச்சுகிட்டு. "கொடுவா, கொடுவா, யப்பா இப்படி ஒண்ணைப் பார்த்ததே இல்ல"ன்னு ஒருத்தன் கத்துதான். கையால தூக்க முடியாதுன்னு கப்பியில மாட்டி ஏத்துதாங்க. கூட்டத்துக்குப் பின்னால நான் குட்டச்சி, எனக்கு ஒண்ணும் தெரியல. ஜெனோவாவுக்குப் போன் போட்டேன்.

"எங்க பிள்ள நிக்க?"

"வாசல்லதாம்மா, தலையைத் துவட்டிகிட்டு நிக்கேன். நீ சாப்பிட்டியா?"

"உள்ள போ. உள்ள போய்க் கதவைச் சாத்து."

"ஏம்மா, என்னாச்சு?"

கப்பி கிறீச்சுன்னு சுத்துச்சு. கூட்டத்துத் தலைக்கு மேல முதல்ல வாலு வந்துச்சு. வால்ல நீலக் கயிறு, சதைக்குள்ள பதிஞ்சு, பாசி பிடிச்சு, முடிச்சு மட்டும் அப்படியே இருந்துச்சு.

"அம்மா"ன்னா போன்ல, சிரிச்சுகிட்டே. "வாசல்ல யாரு தண்ணி ஊத்துனது? மணலெல்லாம் ஈரமாக் கிடக்கு. இரு, முகத்துல என்னமோ நூலு..."

"குனி பிள்ள"ன்னு கத்துனேன். துறைமுகமே திரும்பிப் பார்த்துச்சு. "குனி பிள்ள, குனி, குனி."